ஃப்யூஸ் போகாததால் போனது

தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் பட்டறையில்தான் அவருக்கு டமாரம் என்று பெயர் வந்தது. வரிசையாகப் பிரஸ் மெஷின்கள். ஒவ்வொன்றும் தகரத்தின் தலையில் குட்டும்போது தரை ஒரு தடவை எகிறி உட்காரும். அங்கே புதிதாகச் சேர்கிறவன் முதல் வாரம் கத்திப் பேசுவான். ரெண்டாவது மாசம் கையால் பேசுவான். சில வருஷங்களில் நாம் கத்தினாலும் அவனுக்குப் பயனில்லை என்ற நிலைக்கு வந்து சேருவான். இவர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டார். டமாரச் செவிடு என்பதில் செவிட்டை மட்டும் மரியாதைக்காக வெட்டிவிட்டு, டமாரம் என்று கூப்பிட்டார்கள். கூப்பிடுவது கேட்காததால் அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

முதலாளி காதுமூடி தராமல் இல்லை. லேபர் ஆபீஸிலிருந்து சோதனைக்கு ஆள் வரும் நாளில் எல்லாரும் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி சமர்த்தாக நிற்பார்கள். ஆள் போனதும் அது ஆணியில் தொங்கும். டமாரம் போடாததற்கு மட்டும் ஒரு நியாயம் இருந்தது. மூடி அடிக்கும் அச்சில் விரிசல் விட்டால் மெஷின் சத்தத்தில் ஒரு மயிரிழை மாற்றம் வரும். அதைக் கேட்டு மெஷினை நிறுத்தினால் அச்சு பிழைக்கும். அதற்காகக் காதைத் திறந்தே வைத்திருந்தார். அச்சுகள் எல்லாம் இன்றைக்கும் நல்லபடியாக இருக்கின்றன.

காது போனதும் அவரைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். மூடிகளை அடுக்கி அட்டைப்பெட்டியில் போடும் வேலை. அங்கே கேட்பதற்கும் ஒன்றுமில்லை, சொல்வதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் பட்டறை அவருக்கு ஒரு வித்தையைச் சும்மா கொடுத்து அனுப்பியிருந்தது. எதிரே நிற்கிறவர் உதட்டைப் பார்த்தே என்ன பேசுகிறார் என்று தெரிந்துகொள்வார். முதலில் படிக்கக் கற்றது கெட்ட வார்த்தைகளைத்தான். அதிலும் ஒரு சௌகரியம் இருந்தது. மேஸ்திரி திட்டும்போது தலையைக் குனிந்துகொண்டால் போதும், திட்டு அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று பேசுவாள். சண்டை போடும்போது மட்டும் வேண்டுமென்றே அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு பேசுவாள். அது அவளாகக் கண்டுபிடித்த தண்டனை. மாடியில் அவளுடைய தம்பி குடியிருந்தான். வாடகை வண்டி ஓட்டுகிறவன். அவன் மீசை வளர்த்ததிலிருந்து அவன் பேச்சில் பாதி டமாரத்துக்குக் காணாமல் போயிற்று. பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

எதிரே இல்லாத ஆளிடம்தான் கஷ்டம். அப்படி ஒரே ஒரு ஆள் இருந்தாள். மகள்.

அவள் வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை கற்றுக்கொண்டிருந்தாள். கிளம்பும் நாளில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள்: "உங்க காது இன்னும் மோசமாச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே கிளம்பி வந்துடுவேன். யாரு சொன்னாலும் கேக்கமாட்டேன்." அவள் சொன்னால் செய்கிற ரகம். அம்மா பக்கத்து ரத்தம். அதனால் அவள் போன பிறகு காது முழுசாகப் போனதை டமாரம் அவளிடம் சொல்லவில்லை. ஏதோ சொட்டு மருந்து விட்டதாகவும், இப்போது பக்கத்து வீட்டுச் சண்டைகூடக் கேட்பதாகவும் சொல்லி வைத்தார். பக்கத்து வீட்டில் சண்டையே கிடையாது, ரெண்டு பேரும் ஊமை மாதிரி இருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவள் விடுதியிலிருந்து போன் செய்வாள். மாடிப்படிக்குக் கீழே எல்லாருக்கும் பொதுவாக ஒரே போன். பின்னால் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். அவரவர் நேரம் முடிந்தால் லைன் தானாகவே அறுந்துவிடும். விட்டால் அடுத்த ஞாயிறுதான்.

ரிசீவர் டமாரத்துக்கு வெறும் பிளாஸ்டிக். எனவே அவர் ஒரு ஏற்பாடு செய்தார். மூடப்பட்ட ஒரு சினிமாக் கொட்டகை முதலாளி வீட்டிலிருந்து ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வாங்கி வந்தார். ரிசீவரின் காதுப்பக்க மூடியைத் திருகி எடுத்து, உள்ளிருந்து ரெண்டு மெல்லிய வயர்களை இழுத்து ஆம்ப்ளிஃபயரில் சொருகினார். சொருகியதும் அது நாய் மாதிரி ஊளையிட்டது. அவருக்கே அது கேட்டது என்றால் தெருவுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் சத்தம் மறுபடி ரிசீவரின் வாய்ப்பக்கம் நுழைந்தால் அப்படித்தான் ஊளையிடும். அதற்கும் வழி கண்டார். ஸ்பீக்கரைத் துணி அலமாரிக்குள் சேலைகளுக்கு நடுவே வைத்தார். கேட்கும்போது தலையை அலமாரிக்குள் விட்டு, கதவை ஒட்டிச் சாத்திக்கொண்டு, ஸ்பீக்கரில் காதை அழுத்திக்கொள்வார். ரிசீவர் வெளியே நீட்டிய கையில் இருக்கும். பதில் சொல்லும்போது தலை வெளியே வரும். மறுபடி உள்ளே போகும். வயர் கோத்த ஆமை மாதிரி.

"ஏம்ப்பா, ஒவ்வொரு தடவையும் யோசிச்சு யோசிச்சுப் பேசறீங்க?" என்று மகள் ஒரு நாள் கேட்டாள்.

"வயசாகுதில்லம்மா, நிதானம் வந்துடுச்சு" என்றார், அலமாரியிலிருந்து தலையை எடுத்து.

மனைவி பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த அலமாரியில் மகளின் குரல் முழுசாக வரவில்லை. கீழே கனமான பகுதியெல்லாம் அறுந்துபோய், தகரத்தில் ஊசி தட்டுவது போல வந்தது. ஆனால் அவளுடைய குரல்தான். சளி பிடித்திருந்தால்கூடத் தெரியும்.

அந்த ஆம்ப்ளிஃபயருக்குப் பின்பக்கம் ஒரு ஃப்யூஸ் உண்டு. சுண்டுவிரல் நுனி அளவு கண்ணாடிக் குழாய், உள்ளே முடி மாதிரி ஒரு கம்பி. ஒரு நாள் அது போய்விட்டது. வேறு ஃப்யூஸ் வாங்கிப் போட்டிருக்கலாம். டமாரம் பிரஸ் ஷாப் ஆள். அங்கே ஃப்யூஸ் போனால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் மேஸ்திரி வருவார். எனவே ஃப்யூஸ் போனால் அடுத்த தடவை போகாத மாதிரி ஒரு கம்பியைப் போடுவதுதான் அந்தப் பட்டறையின் வழக்கம். அதில் கெட்டிக்காரன் என்றுகூட அவருக்கு ஒரு பேர் இருந்தது. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். சாக்லேட் சுற்றி வந்த வெள்ளித்தாளைக் கிழித்து, செத்த ஃப்யூஸின் மேல் இறுக்கமாகச் சுற்றி, இருந்த இடத்திலேயே போட்டார். ஆம்ப்ளிஃபயர் பாடியது. பல மாசம் பாடியது.

ஒரு ஞாயிறு பேச்சு முடியும் நேரத்தில் மகள், "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்றாள். மனைவி வயரைக் கழற்றிவிட்டு, மூடியைத் திருகி மாட்டி ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தாள். ரெண்டு வார்த்தைதான். வைத்துவிட்டுத் திரும்பியபோது அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அடுத்த வாரம் அப்பாகிட்ட மட்டும் பேசணுமாம்."

"என்ன விஷயமாம்?"

"அதைத்தான் என்கிட்ட சொல்லமாட்டாளாமே. குரல் சரியில்லைங்க. அழுதுட்டு முகம் கழுவிட்டு வந்த குரல் மாதிரி இருந்துச்சு."

அந்த வாரம் முழுக்க டமாரம் மூடிகளை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். காதலா இருக்கும் என்றான் மைத்துனன். வேலையில யாராவது வம்பு பண்றாங்களோ என்றாள் மனைவி. உடம்புக்கு ஏதாவதா என்று டமாரம் நினைத்தார், வெளியே சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும் அம்மாவிடம் சொல்ல முடியாத ஒன்றைத் தன்னிடம் சொல்லத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். காது கேட்காத ஆளைத் தேடிப் பிடித்து ரகசியம் சொல்கிறாள், பாவம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை பார்த்தார். மகள் மெதுவாகத்தான் பேசுவாள், பின்னால் பெண்கள் நிற்பார்கள் அல்லவா என்று எல்லாக் குமிழ்களையும் கடைசிவரை திருகி, ரேடியோவை இணைத்து, அலமாரிக்குள் தலையை விட்டார். செய்தி வந்தது. யாரோ ஒரு மந்திரி எதையோ திறந்து வைத்தார். பிறகு மந்திரி நின்றுவிட்டார். தலையை வெளியே எடுத்தபோது ஆம்ப்ளிஃபயரின் முதுகிலிருந்து ஒரு நூல் புகை மேலே போய்க்கொண்டிருந்தது. மனைவி ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள். அவள் வாய் வேகமாக அசைந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஞாயிறு காலையில் ஆம்ப்ளிஃபயரைப் பையில் போட்டு ரேடியோ ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடைத்தெருவில் கம்பம் சரிசெய்கிறார்கள் என்று விடிந்ததிலிருந்து கரண்ட் இல்லை. ரேடியோக்காரர் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். வாயில் நாலைந்து திருகாணிகள். பேசும்போதும் அவற்றை எடுக்கமாட்டார். உதடு பார்த்துப் படிக்கிறவனுக்கு அது புஸ்தகத்தின் மேல் பூனை உட்கார்ந்திருப்பது போல.

"அண்ணே, அதை எடுத்துட்டுப் பேசுங்க. எனக்குக் காது கேக்காது."

ரேடியோக்காரர் திருகாணிகளை உள்ளங்கையில் துப்பினார். "காது கேக்காதவருக்கு எதுக்கு இவ்ளோ பெரிய ஆம்ப்ளிஃபயர்?"

டமாரம் சொன்னார். அலமாரி, சேலை, ஊளை, மகள், பதினோரு மணி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். முன்பின் தெரியாத ஆளிடம் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ரேடியோக்காரர் சிரிக்கவில்லை. ஃப்யூஸ் இருந்த மூடியைத் திருகித் திறந்தார். கருகிய வெள்ளித்தாள் வெளியே விழுந்தது. அதைச் செத்த கரப்பானை எடுப்பது மாதிரி ரெண்டு விரலால் எடுத்தார்.

"இது யாரு வேலை?"

"நான்தான்."

"வீட்டு மெயின்லயும் இப்படி ஏதாவது சுத்தி வெச்சிருக்கீங்களா?"

"இல்லண்ணே."

"சந்தோஷம். பொண்டாட்டி புண்ணியத்துல இருக்கீங்க. துணி அலமாரிக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டு வெள்ளித்தாள் சுத்தியிருக்கீங்க பாருங்க."

"ஃப்யூஸ் போயிடுச்சா?"

"ஃப்யூஸ் போகலைங்க. நீங்க அதைப் போகவிடலை. அதனால மத்ததெல்லாம் போயிருக்கும்னு நினைக்கிறேன்." பெட்டியின் முதுகை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "ட்ரான்ஸ்ஃபார்மர் கருகின வாசனை அடிக்குது. ஆனா பக்கத்துல ஏதாவது ஒரு சின்னச் சாமான் கருகினாலும் இப்படித்தான் அடிக்கும். கரண்ட் இருந்தா இங்கேயே பார்த்துடலாம்."

"பதினோரு மணிக்கு வேணும்ணே."

"ட்ரான்ஸ்ஃபார்மர்னா திரும்பச் சுத்தி வரவே மூணு வாரம் ஆகும்." அவர் உள்ளே போய் ஒரு பலகையைக் கொண்டுவந்தார். அதில் ஒரு குண்டு பல்பும் ஒரு பிளக் பாயிண்டும் இருந்தன. "இதை எடுத்துட்டுப் போங்க. உங்க வீட்டுலயே பாருங்க. நான் சொல்றபடிதான் செய்யணும், உங்க பட்டறை மூளையைக் கழட்டி வெச்சிடுங்க."

அவர் சொன்னார். டமாரம் அவர் உதட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே சுவரிலிருந்து உருவ வேண்டும். உருவிய பிறகும் உடனே உள்ளே கை வைக்கக்கூடாது, உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்கள் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும், அதுவாக வடியட்டும். ஃப்யூஸின் உலோகத் தொப்பியில் நம்பர் பொறித்திருக்கும். பெட்டியின் முதுகில் போட்டிருக்கும் நம்பரும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிசு போட்டால் காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. புது ஃப்யூஸைப் போட்டு, நேரே சுவரில் சொருகாமல், இந்தப் பல்பு வழியாகச் சொருக வேண்டும்.

"பல்பு ஒரு தடவை பளிச்சுன்னு மின்னிட்டு மங்கிடுச்சுன்னா தப்பிச்சீங்க. முழுசா எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சுன்னா உள்ளே ஷார்ட். பிளக்கைப் பிடுங்கிட்டு வேற வேலையைப் பாருங்க."

சரியான நம்பரில் ரெண்டு ஃப்யூஸ் கொடுத்தார். கிளம்பும்போது, "பொண்ணுகிட்ட சொல்லிடுங்களேன், காது கேக்கலைன்னு" என்றார்.

டமாரம் அதற்குத் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டில் மைத்துனன் பனியனோடு வந்து நின்றிருந்தான். பல்புப் பலகையைப் பார்த்ததும் அவனுக்குள் இருந்த இன்ஜினியர் விழித்துக்கொண்டான்.

"இதெல்லாம் எதுக்கு மாமா சுத்தி வளைச்சு? ஒரு ஆணியை வெட்டிப் போடுங்க, ஆயுசுக்கும் போகாது."

"மீசையை ஒதுக்கிட்டுச் சொல்லு மாப்ள, தெரியலை."

"ஆணி." விரலால் காட்டினான்.

"அதை உன் வண்டிக்குப் போடு. நாங்க கீழே பத்திரமா இருக்கோம்."

மனைவி தம்பியை மேலே விரட்டினாள். டமாரம் பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். பிளக் எட்டுக் காத தூரத்தில் கிடக்கிறதா என்று ரெண்டு தடவை பார்த்தார். ஃப்யூஸ் மூடியைத் திருகினார். புதுக் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே கம்பி முழுசாக இருப்பதைப் பார்த்தார். தொப்பியின் நம்பரை மனைவியையும் படிக்கச் சொன்னார். அவளும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். அவர் வாழ்க்கையில் ஒரு ஃப்யூஸை இத்தனை மரியாதையோடு போட்டது அதுதான் முதல் தடவை. கை ஈரமில்லாமல் இருக்கட்டும் என்று வேட்டியில் துடைத்துக்கொண்டார். செருப்பைப் போட்டுக்கொண்டார். பலகையின் வழியாகச் சொருகிவிட்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இன்னொரு கையால் சுவிட்சைத் தட்டினார்.

பல்பு எரிந்தது.

ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது மங்குமென்று நின்றார்கள். நல்ல பல்பு. மேஜை, தண்ணீர்ச் செம்பு, மனைவியின் கன்னம் எல்லாம் மஞ்சளாக, கல்யாண வீடு மாதிரி ஆயிற்று. அவ்வளவு வெளிச்சமாக அந்த வீடு எந்த நாளும் இருந்ததில்லை.

"மங்குதா?" என்றார்.

அவள் பிளக்கைப் பிடுங்கினாள்.

அவர் ரேடியோக்காரர் செய்யாதே என்றதைச் செய்தார். பல்புப் பலகையை ஒதுக்கிவிட்டுச் சுவரில் நேரே சொருகினார். ஃப்யூஸுக்குள் ஒரு சின்ன மின்னல். கழற்றிப் பார்த்தால் கண்ணாடி கறுப்பாகியிருந்தது. இந்தத் தடவை ஃப்யூஸ் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்னொரு ஃப்யூஸ் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

மைத்துனனின் டேப்ரிக்கார்டரைக் கொண்டுவந்து அதில் வயரைச் சொருகிப் பார்த்தார்கள். காதை எவ்வளவு அழுத்தினாலும் ஒரு கொசுகூட வரவில்லை. அதையும் ஒதுக்கி வைத்தார்.

மணி நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவி அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். வாரம் முழுக்க அவளுக்குள் இருந்த கோபத்தை எங்கேயோ வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"நான் காதுல வெச்சுக் கேக்கறேன். அவ சொல்றதை உதட்டாலயே உங்களுக்குச் சொல்றேன். நீங்க பேசுங்க. அவளுக்குத் தெரியவே தெரியாது."

நல்ல யோசனைதான். அதைவிட நல்ல யோசனை அந்த வீட்டில் கிடையாது. டமாரம் அவளைப் பார்த்தார்.

"உன்கிட்ட சொல்லவேண்டாம்னுதானே அவ என்கிட்ட வரா."

"நான் அவளைப் பெத்தவ."

"தெரியும்."

"கேட்டுட்டு மறந்துடறேன்."

"உன்னால முடியாது. என்னாலயும் முடியாது. நீ மாடிக்குப் போ."

அவள் முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஏதோ பேசினாள். தோள்கள் அசைவதிலிருந்து பேசுகிறாள் என்று மட்டும் தெரிந்தது. அப்புறம் படியேறிப் போய்விட்டாள்.

டமாரம் போன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மணியடித்தால் கையில் அதிரும். சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அம்மாடி, எனக்குச் சுத்தமாகக் கேட்காது, அதனால் நீ சொல்ல வந்ததைக் கடுதாசியில் எழுது. ரெண்டே வாக்கியம். அவள் கிளம்பி வந்தாலும் வரட்டும். எதற்கும் ஒரு வழி பண்ணலாம்.

கை அதிர்ந்தது. ரிசீவரை எடுத்தார். அவள் "அப்பா" என்று சொல்லியிருப்பாள் என்று கணக்குப் பண்ணி ஒரு மூச்சு விட்டார்.

"அம்மாடி, நல்லா இருக்கியா? இங்க ஒரு சின்ன விஷயம். நேத்து நம்ம ஆம்ப்ளிஃபயர் போயிடுச்சு."

காது கேட்காது என்பது அடுத்த வாக்கியம்தான். அதற்கு முன்னால் ஆம்ப்ளிஃபயர் எதற்கு என்று சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் அது எப்படிப் போயிற்று என்று சொன்னால் கொஞ்சம் சுலபமாக இருக்கும்போல் தோன்றியது.

"ஃப்யூஸ் போனா என்ன பண்ணணும் தெரியுமா? முதல்ல பிளக்கைப் பிடுங்கணும். சுவிட்சை அணைச்சா போதும்னு நினைச்சுக்காதே. உங்க விடுதியிலயும் இஸ்திரிப்பெட்டி அது இதுன்னு இருக்குமில்ல, சொல்றேன் கேட்டுக்க."

அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த இடைவெளியில் அவள் பேசுவாள். அவள் பேசி, அவர் பதில் சொல்லாமல் இருந்தால் என்ன நினைப்பாள்? எனவே இடைவெளி விடாமல் பேசினார். வாழ்நாளில் அத்தனை பேச்சு ஒரே மூச்சில் அவர் பேசியதில்லை. கண்டென்சர் வடியவேண்டியதைச் சொன்னார். தொப்பியில் நம்பர் பார்க்கச் சொன்னார். வெள்ளித்தாள் சுற்றக்கூடாது என்றார், சுற்றியவனைப் பைத்தியக்காரன் என்றார். மாமா ஆணி போடச் சொன்னதைச் சொல்லித் தானே சிரித்தார். பல்புக்கு வந்தார். பல்பு மங்கினால் என்ன, மங்காவிட்டால் என்ன என்று விளக்கினார். சுவரைப் பார்த்துக்கொண்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒரு வழியாகக் கடைசியில் அங்கே வந்து சேர்ந்தார்.

"அந்தப் பெட்டி எதுக்குன்னா, அம்மாடி, எனக்குக் காது கேக்கறதில்லை. ரொம்ப நாளாவே இல்லை. நீ இப்ப ஏதாவது சொல்லியிருந்தாலும் எனக்கு ஒண்ணும் வரலை. கோவிச்சுக்காதே. எழுதிப் போடு. என்ன?"

சொல்லிவிட்டு ரிசீவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்ன சொல்கிறாளோ, சொல்லி முடிக்கட்டும் என்று விட்டார். மனைவி இறங்கி வந்தபோதும் அப்படியேதான் இருந்தார்.

"அழறாளான்னு பாரு" என்று நீட்டினார்.

அவள் மூடியைத் திருகி மாட்டிக் காதில் வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

"லைன் அறுந்து கிடக்குங்க."

"எப்போ அறுந்தது?"

"எனக்கெப்படித் தெரியும். நான் மாடியில இருந்தேன்."

அந்த வாரம் கடுதாசி வருமென்று பார்த்தார். வரவில்லை. அவரே எழுத உட்கார்ந்தார். அவள் காதில் எது விழுந்தது, எது விழவில்லை என்று தெரியாமல் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று புரியாமல் எழுந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு போனை மனைவிதான் எடுத்தாள். டமாரம் எதிரே உட்கார்ந்து அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் "ம்" என்றாள். "சரி" என்றாள். "நிஜமாவா?" என்றாள். ஒரு பக்கத்தை மட்டும் படிக்கிற கதை. வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்லையாம்."

"அன்னிக்கு சொல்லணும்னாளே?"

"அது முடிஞ்சு போச்சாம். விடும்மா, இனிமே சொல்றதுக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னா."

"முடிஞ்சு போச்சுன்னா நல்லதா முடிஞ்சுதா?"

"கேட்டேன். சாப்பிட்டியாம்மான்னு கேக்கறா."

டமாரம் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தார். "நான் சொன்னதெல்லாம் கேட்டுச்சாமா?"

"பல்பு வரைக்கும் கேட்டுச்சாம். அதுக்குள்ள அவ நேரம் முடிஞ்சுடுச்சாம். அப்பா இவ்ளோ பேசி நான் கேட்டதே இல்லை, காது நல்லாயிடுச்சுன்னு ஆளே மாறிட்டாருன்னு சொன்னா. விடுதியில யாரோட இஸ்திரிப்பெட்டிக்கோ ஃப்யூஸ் போச்சாம். பிளக்கைப் பிடுங்கிட்டு அவளே மாத்தினாளாம். அப்பாகிட்ட சொல்லுன்னு சொன்னா."

"சொல்லும்போது சிரிச்சாளா?"

"சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு."

"மாதிரின்னா?"

"அதை எப்படிங்க நான் சொல்லிக் காட்டறது?" என்றாள். சொல்லிக் காட்டவும் பார்த்தாள். உதட்டை மகள் மாதிரி வைத்துக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லு" என்று சொன்னாள். அவர் பார்த்தார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். மூன்றாம் தடவை கேட்டபோது அவள் எழுந்து அடுப்படிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.